வந்தவரும் இருந்தவரும்: ஊர்க் கூட்டத்தில் எல்லோருக்கும் இடம்

இந்தக் கையேட்டின் முந்தைய பாடங்களில் உலர் உணவு, தற்காலிகக் கொட்டில், கிணறு இறைத்தல், மிதிவெடி அபாயம் ஆகியவற்றைப் பார்த்தோம். இந்தப் பாடம் கையில் தரப்படும் பொருள் எதையும் பற்றியதல்ல. அந்தப் பொருள்கள் யாருக்கு, எப்போது, எந்த வரிசையில் என்று முடிவாகும் இடத்தைப் பற்றியது. அந்த இடம் ஊர்க் கூட்டம்.

வீட்டில் வாசிக்கத் தெரிந்த ஒருவர் இதைச் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம். மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கி, சேர்ந்து வாசித்துப் பேசினால் இன்னும் நல்லது.

முதலில் ஒரு கதை

இது ஒரு குறிப்பிட்ட ஊரின் கதையல்ல. ஆற்றுக்கு அப்பால் பல ஊர்களில் கேட்டவற்றைச் சேர்த்து எழுதியது.

முகாமிலிருந்து திரும்பி ஒரு மாதம். மரத்தடியில் கூட்டம் நடக்கிறது. இடிந்த கிணறுகளில் எதை முதலில் திருத்துவது என்று பட்டியல் எழுதுகிறார்கள். பின்னால் நின்ற ஒரு அம்மா மெதுவாகச் சொல்கிறார்: "எங்கட பக்கத்துக் கிணத்தையும் எழுதுங்க ஐயா. பன்னிரண்டு வீடு இரிக்கு." முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வருகிறது: "அவங்க மலைநாட்டில இருந்து வந்த ஆக்கள். முதல்ல ஊர் ஆக்களுக்குப் பார்ப்பம்." யாரும் அதை மறுத்துப் பேசவில்லை. அம்மாவும் பேசவில்லை. பட்டியல் முடிந்து கையொப்பமும் வைத்தாயிற்று.

அந்த அம்மாவின் தாய் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அம்மாவோ இந்த ஊரில் பிறந்தவர். அவருடைய பிள்ளைகள் இங்குள்ள பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். ஆனாலும் பன்னிரண்டு வீட்டுப் பெண்கள் அந்தக் கோடை முழுவதும் அடுத்த வளவுக் கிணற்றுக்குக் குடத்தோடு நடந்தார்கள்.

ஒருநாள் அந்தக் கிணற்றடியில் ஊரின் மூத்த பெண்ணொருவர் கேட்டார்: "தங்கச்சி, நீங்க ஏன் நம்மட சங்கத்தில இல்ல?" அம்மா சொன்னார்: "எங்களை ஒருத்தரும் கூப்பிடல்லயே அக்கா." அடுத்த கூட்டத்துக்கு அந்த அக்காவே அவரை அழைத்துப் போனார். சந்தா கட்டிப் பெயர் எழுதினார்கள். இரண்டாவது பட்டியலில் அந்தக் கிணறு முதலாவதாக இருந்தது.

முதலாம் பட்டியல் எழுதியவர்கள் கெட்டவர்கள் அல்ல. யார் கூட்டத்தில் இருந்தார்களோ, அவர்கள் தமக்குத் தெரிந்த தேவையை எழுதினார்கள். இல்லாதவர்களின் தேவை எழுதப்படவில்லை. இந்தப் பாடத்தின் முழு விடயமும் இதுதான்.

யார் வந்தவர்? யார் இருந்தவர்?

"வந்தான் வரத்தான்" என்ற சொல் நம் ஊர்களில் இன்னும் புழங்குகிறது. அதைச் சொல்லுமுன் கொஞ்சம் யோசிப்போம்.

2007ஆம் ஆண்டின் முற்பகுதியில் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். எழுவான்கரையில் தறப்பாள் கொட்டிலில் இருந்தபோது நாம் எல்லோரும் வந்தவர்களாகவே இருந்தோம். பக்கத்து வீட்டுக் கிணற்றில் தண்ணீர் கேட்டபோது சிலர் முகம் சுளித்ததும், சிலர் வாளியைத் தாமாகவே எடுத்துத் தந்ததும் நமக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த இரண்டு விதமான முகங்களில் எதை இன்று நம் ஊரில் நாம் காட்டப்போகிறோம்?

புணானை, வடமுனைப் பக்கங்களிலும் மாவட்டத்தின் மேற்கெல்லையிலுள்ள வேறு ஊர்களிலும் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் உள்ளன. அவர்கள் விரும்பி இடம் தேடி வந்தவர்கள் அல்ல. 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினி நிலவியது. அதன்பின் தோட்டங்கள் அரசுடைமையானபோது பலர் வேலையும் லயமும் இழந்தனர். 1977 ஆகஸ்ட் வன்செயலில் தாக்கப்பட்ட குடும்பங்கள் வடக்குக்கும் கிழக்குக்கும் வந்தன. காடு வெட்டி, சேனை செய்து, மாடு பார்த்து, போடிமாரின் வயலில் முல்லைக்காரராக நின்று அவர்கள் சீவித்தார்கள்.

வந்து ஓராண்டு கழிந்தபோது, 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி வந்தது. அது வந்தவர் வீடு, இருந்தவர் வீடு என்று பார்க்கவில்லை. அதன்பின் வந்த போர்க்காலமும் பார்க்கவில்லை. இழப்பில் ஒன்றாக இருந்தவர்கள், திரும்பிக் கட்டும்போது மட்டும் ஏன் இரண்டாகப் பிரிய வேண்டும்?

வாக்குரிமை போனதும் வந்ததும்

மலையக மக்களின் வரலாற்றில் நம் எல்லோருக்கும் ஒரு படிப்பினை உண்டு. பெயர்ப் பட்டியலில் இல்லாதவருக்கு என்ன நடக்கும் என்பதை அவர்களைப் போல அனுபவித்தவர்கள் இந்த நாட்டில் குறைவு.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் 7 பேர் நாடாளுமன்றம் சென்றனர். 1948இல் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அதன் நிபந்தனைகளை மலையக மக்களில் பெரும்பாலோரால் நிறைவேற்ற முடியவில்லை. பிரசாவுரிமை இல்லையென்றானதும் வாக்காளர் இடாப்பிலிருந்தும் அவர்கள் பெயர்கள் நீங்கின. 1952 தேர்தலில் அவர்கள் சார்பில் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. கேட்க ஆளில்லாத மக்களின் லயம், பள்ளிக்கூடம், வைத்தியசாலை எல்லாம் பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன.

1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மீதி 150,000 பேரை 1974 உடன்படிக்கை பாதி பாதியாகப் பகிர்ந்தது. இப்படிப் பகிரப்பட்டவர்களிடம் உங்களுக்கு எங்கே இருக்க விருப்பம் என்று பேச்சுவார்த்தை மேசையில் யாரும் கேட்கவில்லை.

இந்த நிலைக்கு முடிவு 2003இல் வந்தது. இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் நாடாளுமன்றத்தில் எதிர்ப்பின்றி நிறைவேறியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதியிலிருந்து இலங்கையில் நிரந்தரமாக வசித்துவரும் இந்திய வம்சாவளியினரும், இலங்கையில் வசிக்கும் அவர்களின் சந்ததியினரும் இச்சட்டப்படி இலங்கைப் பிரசைகள். முன்பு இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றிருந்தவர்களுக்கு வேறு நடைமுறை உண்டு. அப்படியானவர்கள் பிரதேச செயலகத்தில் விசாரிக்க வேண்டும்.

ஆகவே, மலையகத்திலிருந்து வந்த குடும்பத்தைப் பார்த்து "உங்களுக்கு இங்கே என்ன உரிமை?" என்று யாராவது கேட்டால் பதில் சுருக்கமானது: மற்றவர்களுக்கு என்ன உரிமையோ அதே உரிமை.

பெயர் இருக்க வேண்டிய நான்கு இடங்கள்

உரிமை சட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது. பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். திரும்பி வந்த ஒவ்வொரு குடும்பமும், எந்த ஊரில் வேர் இருந்தாலும், பின்வரும் நான்கு இடங்களில் தம் பெயரைச் சரிபார்க்க வேண்டும்.

1. கிராம உத்தியோகத்தரின் குடும்பப் பதிவு. நாம் ஜீ.எஸ். என்று கூப்பிடும் கிராம உத்தியோகத்தரிடம், திரும்பி வந்தவுடன் குடும்பத்தில் உள்ள எல்லோரையும் பதியுங்கள். முகாமில் பிறந்த பிள்ளை, திருமணம் முடித்து வந்த மருமகள், கூட இருக்கும் வயதான தாய் ஆகியோர் விடுபடுவதுண்டு. பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால், பிறப்புப் பதியப்பட்ட பிரிவுக்குரிய பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். தோட்டத்தில் பிறந்தவருக்கு அது பதுளையாகவோ நுவரெலியாவாகவோ இருக்கலாம். பிறப்பே பதியப்படாதிருந்தால் காலங்கடந்த பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ விண்ணப்பிக்க வழி உண்டு. அடையாள அட்டை தொலைந்திருந்தால் பொலிசில் முறைப்பாடு செய்து, அதன் பிரதியோடு கிராம உத்தியோகத்தர் ஊடாக விண்ணப்பியுங்கள்.

2. வாக்காளர் இடாப்பு. ஆண்டுதோறும் வீட்டுக்கு ஒரு படிவம் வரும். அந்த ஆண்டுக்குரிய தகுதித் திகதியன்று 18 வயது நிறைந்த, அந்த வீட்டில் வழமையாக வசிக்கும் எல்லோருடைய பெயரும் அதில் வர வேண்டும். படிவத்தைக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். பின்னர் நீக்கப்படும் பெயர்களும் புதிதாகச் சேர்க்கப்படும் பெயர்களும் தனித்தனிப் பட்டியலாகக் காட்சிக்கு வைக்கப்படும். கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் அதைப் பார்க்கலாம். உங்கள் பெயர் இல்லையென்றால் குறிப்பிட்ட திகதிக்குள் கோரிக்கை கொடுக்க வேண்டும். மட்டக்களப்பு மாவட்டத் தேர்தல்கள் அலுவலகம் அதை விசாரிக்கும். 2008 மார்ச் 10ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலிலும் மே 10ஆம் திகதி நடந்த மாகாண சபைத் தேர்தலிலும் உங்களால் வாக்களிக்க முடியாமற் போயிருந்தால், காரணத்தை இப்போதே தேடுங்கள். அடுத்த தேர்தல் அறிவித்தபின் தேடினால் பிந்திவிடும்.

வாக்காளர் இடாப்பு வாக்குப் போடுவதற்கு மட்டும் உரியதல்ல. பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும்போதும், இன்ன ஊரில் இருக்கிறோம் என்று காட்ட வேண்டிய வேறு வேளைகளிலும் அதைக் கேட்பார்கள்.

3. ஊர்ச் சங்கங்கள். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், மீனவர் கூட்டுறவுச் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், மரண உதவிச் சங்கம் என்பன இவை. வீதி, கிணறு, வாழ்வாதார உதவி என்று எது வந்தாலும் அரசும் எங்களைப் போன்ற நிறுவனங்களும் முதலில் கூப்பிடுவது இந்தச் சங்கங்களைத்தான். சந்தா கட்டுங்கள், பற்றுச்சீட்டு வாங்குங்கள், வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குப் போங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவாகும் நாள் அது.

4. கமக்காரர் அமைப்பு. இது 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் பதியப்படும் அமைப்பு. விதை நெல், மானிய உரம், குளத் திருத்தம் போன்றவை பெரும்பாலும் இதன் வழியாக வரும். குத்தகைக்கு வயல் செய்பவரும் தம் விபரத்தைக் கமநல சேவை நிலையத்தில் பதிவது பற்றி விசாரிக்க வேண்டும். காணி உறுதி இல்லை என்பதற்காக ஒதுங்கி நிற்காதீர்கள்.

ஆரம்பக் கூட்டத்தை விட்டுவிடாதீர்கள்

ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் ஆரம்பக் கூட்டம் நடக்கும். விதைப்பு எப்போது, குளத்துத் தண்ணீர் எப்போது திறப்பது, எப்போது மூடுவது, மாடுகளை வயற்பக்கமிருந்து எந்தத் திகதிக்குள் வெளியேற்றுவது ஆகியவை அங்கே தீர்மானமாகும். தீர்மானமானபின் அது எல்லோரையும் கட்டுப்படுத்தும்.

திரும்பி வந்த குடும்பங்களில் சிலருக்கு வயல் உண்டு, சிலருக்கு மாடு மட்டும் உண்டு. வயற்காரர் மட்டும் கூட்டத்துக்குப் போனால் மாடு வெளியேற்றும் திகதி முந்திவிடும். மேய்ச்சல் தரை எது, போகும் பாதை எது என்ற கேள்வி கேட்கப்படாமலே போகும். பிறகு பயிருக்குள் மாடு இறங்கும், கட்டிவைப்பார்கள், நட்டஈடு கேட்பார்கள், பொலிஸ் வரை போகும். கூட்டத்தில் அரை மணித்தியாலம் பேசியிருந்தால் இத்தனையும் தேவைப்பட்டிராது.

ஆற்றைக் கடக்க வேண்டிய சிக்கல்

நம் பகுதிக்கு மட்டும் உரிய ஒரு தடையும் உண்டு. பிரதேச செயலகம் கிரானில், ஆற்றுக்கு இந்தப் பக்கம் உள்ளது. புலிபாய்ந்தகல், கோரவெளி, குடும்பிமலைப் பக்கத்து மக்கள் அங்கே வரப் பாலத்தைத் தாண்ட வேண்டும். திகிலிவெட்டை மக்கள் சந்திவெளித் துறைக்குத் தோணியில் வர வேண்டும். மாரியில் வெள்ளம் பாலத்துக்கு மேலால் பாயும்போது ஒரு கையொப்பத்துக்காக ஒரு நாள் கூலி போய்விடும். "அவங்க கூட்டத்துக்கு வாறதில்ல" என்று சொல்பவர்களுக்கு இந்தத் தூரம் தெரிவதில்லை.

இதற்குச் செய்யக்கூடியவை சில:

கூட்டத் திகதியை மாரிக்கு முன் வைக்கும்படி சங்கம் எழுத்தில் கேட்கலாம்.

அடையாள அட்டை, பிறப்புப் பதிவு போன்றவற்றுக்கு நடமாடும் சேவையை உங்கள் பக்கப் பாடசாலையில் நடத்தும்படி பிரதேச செயலாளருக்கு மனுக் கொடுக்கலாம். தேவைப்படுவோரின் எண்ணிக்கையையும் அதில் எழுதுங்கள். எண்ணிக்கை இருக்கும் மனுவை ஒதுக்கி வைப்பது கடினம்.

ஊரிலிருந்து இருவரைத் தெரிவு செய்து, எல்லோருக்குமாக அனுப்பலாம். ஒவ்வொரு முறையும் அதே இருவராக இல்லாமல், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும்.

வீதி, சந்தை, பொதுக் கிணறு போன்றவை கோறளைப்பற்றுப் பிரதேச சபையின் பொறுப்பு. சபைக்குக் கொடுக்கும் கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கி, பிளாஸ்ரிக் உறையில் பத்திரப்படுத்துங்கள்.

வேறொரு நாட்டில்

ஒதுக்குப்புறமான விவசாயப் பகுதியில் வந்தவர்களும் முன்பே இருந்தவர்களும் ஒன்றுசேர்ந்த கதைகள் உலகில் வேறிடத்திலும் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் டெலானோ என்ற ஊர் முந்திரிகைத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்றது. பிலிப்பீனியரும் மெக்சிக்கோவிலிருந்து வந்தவர்களும் அங்கே கூலிகள். ஒரு பகுதியினர் கூலி உயர்வு கேட்டால் மற்றப் பகுதியினரைக் கொண்டுவந்து வேலை செய்விப்பது முதலாளிமாரின் வழமை. 1965 செப்டெம்பர் 8ஆம் திகதி பிலிப்பீனியத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். மெக்சிக்கோக்காரர் ஒரு தேவாலய மண்டபத்தில் கூடிப் பேசி, செப்டெம்பர் 16ஆம் திகதி அவர்களோடு சேர முடிவெடுத்தனர். ஐந்து ஆண்டுகள் சென்றன. 1970இல் தோட்டக்காரர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். இரு பகுதியினரும் ஒரே மண்டபத்தில் உட்காராமல் இருந்திருந்தால் அது நடந்திராது.

இருந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

மட்டக்களப்பில் கோயில்கள் பலவற்றில் குடி வழமை உண்டு. எந்தக் குடிக்கு எந்த நாள் திருவிழா, யார் வண்ணக்கர் என்பது பரம்பரையாக வருவது. அது கோயிலின் ஒழுங்கு. ஊர்ச் சங்கத்துக்கும் கமக்காரர் அமைப்புக்கும் அந்த ஒழுங்கு பொருந்தாது. கிணறு திருத்தும் கூட்டத்தில் ஒருவரின் குடியையோ பூர்வீகத்தையோ கேட்க யாருக்கும் உரிமை இல்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த ஊரில் வசிக்கிறாரா?

வந்தவர்களைச் சேர்த்தால் உள்ளதும் குறைந்துபோகும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டோம். உதவி குறைவாகவும் தேவை அதிகமாகவும் இருக்கிறது. ஆனால் நாற்பது குடும்பம் உள்ள ஊர் என்று எழுதினால் நாற்பது குடும்பத்துக்கே திட்டம் வரும். எல்லோரையும் எண்ணி அறுபது என்று எழுதினால் பஸ், பாடசாலை ஆசிரியர், மருந்து நிலையம் ஆகியவற்றைக் கேட்கும் குரலும் பெரிதாகும்.

கூட்டம் கூட்டும்போது எல்லா வளவுக்கும் ஆள் அனுப்புங்கள். பின்னால் நிற்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். பட்டியலை மூடுமுன், "இன்னும் எந்தப் பக்கம் விடுபட்டிருக்கு?" என்று ஒருமுறை கேளுங்கள்.

சேர்ந்து பேசுவோம்

உங்கள் ஊரில் கடைசியாக நடந்த கூட்டத்துக்கு எந்தப் பக்கத்து வீடுகளிலிருந்து ஒருவரும் வரவில்லை? ஏன்?

கதையில், முதலாம் கூட்டத்தில் அந்த அம்மாவுக்காக யாராவது பேசியிருந்தால் என்ன சொல்லியிருக்கலாம்?

முகாமில் இருந்தபோது உங்களை வெளியாளாக உணரச் செய்தது எது? ஊராளாக உணரச் செய்தது எது?

இந்த மாதம் செய்ய வேண்டியவை

வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, மேலே சொன்ன நான்கு இடங்களில் எங்கே பெயர் உண்டு, எங்கே இல்லை என்று அடையாளமிடுங்கள். இல்லாத இடம் ஒன்றைத் தெரிவு செய்து, இந்த மாதமே போய்ப் பதியுங்கள். போகும்போது பக்கத்து வளவுக்காரரையும் கூட்டிப் போங்கள். எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் படிவம் நிரப்ப, எமது வெளிக்களப் பணியாளர் ஊருக்கு வரும் நாளில் உதவுவார். அதற்குப் பணம் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்த பாடத்தில் காணி அனுமதிப்பத்திரம் பற்றிப் பார்ப்போம். உங்களிடம் உள்ள பழைய காணித் தாள்கள் கிழிந்திருந்தாலும் எறியாமல் எடுத்து வையுங்கள்.